தோண்டும் முயலை அடிக்காதீர்கள்

முயல் வளர்க்கும் விவசாயிகள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "நேற்றுவரை சாதுவாக இருந்தது. இப்போது கூண்டைப் பறண்டுகிறது, தரையைத் தோண்டுகிறது, தீவனத் தட்டைக் கவிழ்க்கிறது" என்பார்கள். இதற்குச் செய்யும் வைத்தியம் மூன்று. நகத்தை ஒட்ட வெட்டுவது, கொட்டிலுக்குச் சிமெண்டுத் தளம் போடுவது, காதைப் பிடித்துத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டுவது. மூன்றும் வீண் வேலை. சிமெண்டுக்கு ஆகும் செலவோ வீண் செலவு.

நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புதரடியில் சிறு பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பண்ணை முயல் தோண்டுவது கெட்ட பழக்கமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே இனமல்ல. பண்ணை முயல், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அந்த முயலை வளையிலிருந்து விரட்டுவதற்கென்றே ஃபெரெட் என்ற, கீரியைப் போன்ற சிறு பிராணியை ஐரோப்பியர் பழக்கி வளர்த்தார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் இந்த வழிதான். எத்தனை தலைமுறை கூண்டில் வளர்ந்தாலும் தோண்டும் குணம் போகாது.

ஆகவே முயல் தோண்டினால் முதலில் பார்க்க வேண்டியது அதன் நகத்தை அல்ல, இனச்சேர்க்கைத் தேதியை. நோட்டில் எழுத முடியாதவர்கள் கூண்டுக்கு மேலே சுவரில் கரியால் கோடு போட்டாவது குறித்து வைக்க வேண்டும். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். அது நெருங்கும்போது பெண் முயல் மூலையைப் பறண்டும், வைக்கோலை வாயில் கவ்வித் திரியும், நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள உரோமத்தைப் பிடுங்கிப் படுக்கை செய்யும். குட்டிகளுக்கு வளை தேடுகிறது என்று பொருள். வளை கிடைக்காவிட்டால் வெறும் கம்பி வலையின் மேல் ஈனும். பிறந்த குட்டிக்கு உரோமமும் இல்லை, கண்ணும் திறந்திருக்காது. இரவுக் குளிர் பட்டாலே விறைத்துச் செத்துப் போகும். ஒரு ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் வரை கிடைக்கும் இடத்தில், விடியும்போது ஒன்றும் மிஞ்சாது. நாலைந்து பெண் முயல் வைத்திருப்பவருக்கு இது சிறிய நஷ்டமல்ல.

இதற்கு வேண்டியது ஒரு மரப்பெட்டி. 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருந்தால் போதும். தாய் தாண்டிப் போகவும் குட்டி தவறி வெளியே வராமலும் இருக்க, வாசலில் 15 செ.மீ. தடுப்பு விட வேண்டும். உள்ளே தேங்காய் நாரோ காய்ந்த புல்லோ பரப்பி, சினையான 27 அல்லது 28ஆம் நாள் கூண்டுக்குள் வைக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே வைத்தால் முயல் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். கூண்டு வாங்கும்போதே பெட்டியையும் கேட்டு வாங்குவது நல்லது. பெட்டியில்லாத கூண்டு பாதிக் கூண்டுதான்.

ஈன்றபின் தாய் பெட்டிக்கு வெளியே படுத்திருப்பதைப் பார்த்து, குட்டிகளைக் கைவிட்டதாகச் சிலர் பதறுகிறார்கள். முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். குட்டிகளின் வயிறு உருண்டு நிறைந்திருந்தால் கவலை வேண்டாம். தினம் ஒருமுறை பார்த்து, செத்த குட்டி இருந்தால் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

சினைக்கு விட்ட 17ஆம் நாள் வாக்கிலேயே முயல் உரோமம் பிடுங்கித் தோண்டினால் பெரும்பாலும் அது பொய்ச் சினை. கரிக்கோடு இருந்தால் இது உடனே விளங்கும். அப்போது பெட்டி வேண்டியதில்லை. மறுபடி ஆணோடு சேர்க்கலாம்.

சித்திரை, வைகாசியில் ஆண் முயலும் தோண்டும். அது குளிர்ந்த மண்ணைத் தேடுகிறது. வெப்பம் நீடித்தால் ஆணின் விந்துத் திறனும் குறையும். கொட்டிலின் மேல் கீற்றுப் போட்டு, பக்கவாட்டில் நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். இக்காலத்தில் பெட்டியில் உரோமம் மிகுந்து குட்டிகள் புழுங்கினால் கொஞ்சம் எடுத்துவிடலாம்.

தரையில் விட்டு வளர்ப்பவர்கள் சுவரோரமாக ஒன்றரை அடி ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைத்து, அடிப்பக்கத்தை உள்நோக்கி மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முயல் தோண்டிய வழியிலேயே நாயும் பெருச்சாளியும் உள்ளே வரும். நகம் நீண்டு வளைந்தால் மட்டும் நுனியை நறுக்கலாம். உள்ளே சிவப்பாகத் தெரியும் இரத்தக் குழாயில் வெட்டுப் படக்கூடாது.