தனியா ஆடுறவனுக்கு எதுக்குய்யா நெட்?

டர்ட் ராலி 2.0 (2019) மோசமான கேம்னு சொல்ல வரலைங்க. கோ-டிரைவர் சொல்றதை ஒரு நொடி கவனிக்கலைன்னா கார் மரத்துல. முன்னாடி போன கார்கள் கிளறின மண்ணுல நம்ம டயர் தடுமாறும். ரீவைண்ட் கிடையாது, விழுந்தா விழுந்ததுதான். அருமை!

ஆனா தனியா ஆடுற கேரியருக்கும் இன்டர்நெட் வேணுமாம். அயனம்பாக்கத்துல நாலு தூறல் போட்டாலே நெட் படுத்துடும்.

ஏமாத்துறதைத் தடுக்கத்தான்னு சிலர் வக்காலத்து வாங்குறாங்க. ஆன்லைன் போட்டிக்குக் கேளு, நியாயம். என் வீட்டுல நான் என்னையே ஏமாத்தினா உனக்கென்ன?

போதாக்குறைக்கு பின்லாந்து, கிரீஸ், வேல்ஸ்னு 2015 டர்ட் ராலியில இருந்த இடங்களையே தூசி தட்டி, தனிக் காசுக்கு வித்தாங்க.

இதே கோட்மாஸ்டர்ஸ்தான் 1998ல காலின் மெக்ரே ராலியைக் கொடுத்தது. சிடி இருந்தா போதும், நெட் இல்லாமலே சாம்பியன்ஷிப் ஆடலாம். எது முன்னேற்றம், நீங்களே சொல்லுங்க மக்களே!