விளையும் நிலமும் விலை நிலமும்

பயிர் நிலத்திற்கு இரண்டு மதிப்புகள் உண்டு. விளைச்சலால் வருவது ஒன்று. விற்றால் வருவது மற்றொன்று. இரண்டாவதை வைத்து வரி விதிக்கப்படுமாயின், எவ்வளவு திறமையாக உழுபவரும் தம் நிலத்தில் நிலைத்திருக்க இயலாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸான்டா குரூஸ் நகரையடுத்த கடற்கரையிலுள்ள வைல்டர் பண்ணையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆதியில் ஓலோனி மக்கள் வாழ்ந்த கரை அது. 1791-இல் ஸ்பானியப் பாதிரிமார் ஸான்டா குரூஸில் மடம் நிறுவிய பின், அம்மடத்துக் கால்நடைகளின் மேய்ச்சல் நிலமாயிற்று. 1871-இல் டிலோஸ் வைல்டர் என்பவர் பங்காளி ஒருவருடன் அங்கே பால் பண்ணை தொடங்கினார்; 1885-இல் பாகம் பிரிந்தது. வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது அப்பண்ணை. ஓடை நீரின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியை வார்ப்பட்டைகளின் மூலம் பட்டறை இயந்திரங்களுக்குச் செலுத்தினார்கள், மின்விளக்கும் ஏற்றினார்கள். உழைப்பிலோ அறிவிலோ அக்குடும்பத்தார் குறைந்தவர்கள் அல்லர்.

ஆயினும் ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின், 1969-இல், வரிச்சுமை தாங்காது நிலத்தை விற்றனர். வாங்கிய நிறுவனம் சுமார் 10,000 வீடுகள் கட்டத் திட்டமிட்டது. அப்பொழுது உள்ளூர்க் குடிமக்கள் ‘ஆபரேஷன் வைல்டர்’ என்ற பெயரில் ஒன்று திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 1974-இல் மாநில அரசாங்கம் நிலத்தை வாங்கியது. இன்று சுமார் 7,000 ஏக்கர் பரப்புள்ள பொதுப் பூங்காவாக அது விளங்குகிறது. பழைய வீடும், தொழுவமும், பட்டறையும் மக்கள் பார்வைக்கு உள்ளன. நிலத்தின் ஒரு பகுதியில் பயிர்த்தொழிலும் தொடர்கிறது.

நிலம் பிழைத்தது குறித்து மகிழ்கிறோம். ஆனால் அந்த வெற்றியில் ஒரு குறையும் உண்டு. பண்ணை பிழைத்தது, பண்ணையாளர் பிழைக்கவில்லை. வெண்ணெய் கடைந்த இடம் காட்சிப்பொருளாயிற்று. உழவர் வெளியேறிய பின் நிலத்தைக் காப்பதைவிட, உழவரை நிலத்தோடு காப்பதே மேல். 1965-இல் கலிபோர்னியா இயற்றிய ஒரு சட்டம் அதற்கு வழி காட்டுகிறது. குறைந்தது பத்தாண்டுகள் நிலத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவதில்லை என உடன்படிக்கை செய்பவருக்கு, விற்பனை விலையைக் கருதாது சாகுபடி வருமானத்தைக் கருதி வரி விதிக்க அது இடமளிக்கிறது. இதுவே நியாயமான கணக்கு.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நெசவாளர் பாவு நீட்டும் பாவடியும், விவசாயிகளின் பொதுக் களமும், விலையேறும்போது பிறர் கண்ணுக்கு வெற்று மனைகளாகவே தோன்றும். மனைக்கற்கள் நட்டபின் வருந்திப் பயனில்லை. எந்தெந்த நிலம் பொதுவுக்கு உரியது, அதன் ஆவணம் யாரிடம் உள்ளது, எல்லை எது என்பவற்றை அங்கத்தினர்கள் இன்றே விசாரித்தறிந்து, பொதுக்குழுவில் கேட்டுப் பதிவு செய்விக்க வேண்டும். ஸான்டா குரூஸ் மக்கள் வென்றது செல்வத்தால் அன்று. காலத்தே கூடிப் பேசியதால்.