ஒரே சிலிண்டர், இரண்டு நீதி

ஹிக்கடுவைக்கு அண்மையில், அக்குரலைக் கடற்பரப்பில் ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் அமிழ்ந்து கிடக்கிறது. 'கொன்ச்' என்பது அதன் பெயர். தமிழில் சொல்வதானால் சங்கு. பின்னாளில் 'ஷெல்' என்று உலகெங்கும் அறியப்பட்ட எண்ணெய் நிறுவனத்தைத் தோற்றுவித்த மார்க்கஸ் சாமுவேலின் தந்தையார் கடற்சிப்பி வணிகர். அதனால் மகனுடைய கப்பல்களும் சிப்பி, சங்குகளின் பெயர்களையே தாங்கின. 1892 இல் கட்டப்பட்ட இக்கப்பல் 1903 இல் இங்கே பாறையில் மோதிச் சிதைந்தது.

ஏறத்தாழ 20 மீற்றருக்கு உட்பட்ட ஆழத்தில் கிடப்பதால், நீரடிக்குப் புதியவர்களும் பார்க்கத்தக்க கப்பல் என்று இதனை உல்லாசப் பயணிகளுக்கு அறிமுகம் செய்கின்றனர். அதில் பிழையில்லை. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை தென்கடல் அமைதி கொள்ளும் மாதங்களில் மக்கள் வந்து பார்க்கட்டும். அவ்வூரார்க்கு நாலு காசு கிடைக்கட்டும். எமது வழக்கு அந்தப் பயணியோடு அல்ல. அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இந்நாட்டில் வேறு யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதே எமது கேள்வி.

சிலிண்டரைச் சுமந்து முதன்முறை நீரில் இறங்கும் பயணிக்கு என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் உடல்நிலை பற்றிய கேள்விப் படிவம். பின்னர் ஆழமற்ற நீரில் பயிற்சி. பயிற்றுநர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். வெறுமனே அனுபவத்துக்காக இறங்குபவரை 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. சில நாட்கள் கற்று முதற் சான்றிதழ் பெற்றவருக்கும் எல்லை 18 மீற்றர். தனியே இறங்கலாகாது, மெதுவாகவே மேலேற வேண்டும், ஏறும் வழியில் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து நிற்க வேண்டும்.

இவை வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இரு மடங்கு. 20 மீற்றரில் மூன்று மடங்கு. 10 மீற்றரில் சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுபவர் இதனை நினைவில் வைத்தல் நன்று. இன்னொன்று நைதரசன். ஆழமும் நேரமும் கூடக்கூட அது குருதியிலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் போத்தலில் போல உடலுக்குள் குமிழிகள் எழுகின்றன. அவை மூட்டில் தங்கினால் வலி, முதுகுத்தண்டில் தங்கினால் கால்கள் செயலிழக்கும், சிறுநீர் பிரியாது, ஆள் படுக்கையோடு கிடப்பான்.

இனி, வடக்கு கிழக்குக் கரைகளுக்கு வாருங்கள். அங்கும் அதே சிலிண்டர்தான். அதனைச் சுமந்து இறங்குபவன் கப்பல் பார்க்கப் போகவில்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் போகிறான். கரையோரத்தில் அட்டை அருகிவிட்டதால் மேலும் மேலும் ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் பலமுறை இறங்குகிறான். பலருக்கு முறையான பயிற்சி இல்லை. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி இல்லை. படகில் ஒட்சிசன் இல்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவனைப் போலவே கண்டும் கேட்டும் பழகிய இன்னொருவன்.

உல்லாசத்துக்காக இறங்குபவருக்கு விதி; வயிற்றுக்காக இறங்குபவனுக்கு விதியின் விளையாட்டு. ஒரே கடல், ஒரே சிலிண்டர், இரண்டு நீதி.

'அவர்கள் பரம்பரைச் சுழியோடிகள், கடல் அவர்களுக்குப் பழக்கம்' என்று சொல்வோர் உளர். புகழ்ச்சி போல் ஒலிக்கும் இக்கூற்று உண்மையில் கைகழுவும் தந்திரம். மன்னார்க் கடலில் கல்லைக் கட்டி இறங்கி முத்துக் குளித்த மூதாதையர், மேற்பரப்பில் இழுத்த ஒரு மூச்சோடு போய் அதே மூச்சோடு மீண்டவர்கள். ஆழத்தில் நின்று அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பது முற்றிலும் வேறான விடயம். தலைமுறை அனுபவம் நைதரசனைக் கட்டுப்படுத்தாது. கால் மரத்தவனை மீண்டும் சிலிண்டரோடு கடலில் இறக்கினால் சுகமாகிவிடும் என்ற நம்பிக்கை உலகின் பல கரைகளிலும் கடற்றொழிற் சுழியோடிகளிடம் உண்டு. வலி தற்காலிகமாகத் தணியலாம். ஆனால் அவன் உடலில் மேலும் நைதரசன் ஏறும் அபாயம் அங்கே காத்திருக்கிறது. உரிய சிகிச்சை உடனடியாக ஒட்சிசன். அடுத்து அமுக்க அறை. இவ்விடத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

கடலட்டையை இந்நாட்டவர் உண்பதில்லை. அது உலர்த்தப்பட்டு ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகிறது, டொலர் வருகிறது. 1905 இல் மரிச்சுக்கட்டியில் பெரும் முத்துச் சிலாபம் நடந்தபோது, குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்டது. குளித்தவனுக்கு எஞ்சியது ஒரு பங்கே. வெள்ளையன் போய்விட்டான். ஆழத்தின் ஆபத்து குளிப்பவனுக்கு, இலாபத்தின் பெரும்பங்கு கரையில் நிற்பவனுக்கு என்ற கணக்கு மட்டும் போகவில்லை.

பத்திரிகைகளும் இந்த அநீதிக்குத் துணைபோகின்றன. மூழ்கிய கப்பலுக்கு வண்ணப் படங்களோடு ஞாயிறு இதழில் முழுப்பக்கம். 'அட்டை பிடிக்கச் சென்றவர் மரணம்' என்பதற்குப் பிராந்தியச் செய்திப் பக்கத்தின் அடியில் நான்கு வரி. எத்தனை மீற்றர் இறங்கினார், எத்தனை முறை இறங்கினார், யாருடைய சிலிண்டர், யாருக்காக இறங்கினார் என்று அந்த நான்கு வரியும் கேட்பதில்லை. இறக்காமல், இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து வாழ்பவனுக்கு அந்த நான்கு வரியும் இல்லை.

செய்ய வேண்டியவை ஆகாயத்துக் கனிகள் அல்ல. அனுமதிப்பத்திரம் வழங்கும் அரசு, அதனோடு சுழியோடும் பயிற்சியையும் தமிழில், இலவசமாக, கடற்றொழிலாளர் சங்கங்களின் ஊடாக வழங்கட்டும். ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒட்சிசனும் அதனைக் கொடுக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். அமுக்க அறைச் சிகிச்சை கடற்படையினரின் தயவில் தங்கியிராமல் வடக்கு கிழக்கின் பொது வைத்தியசாலைகளுக்கும் வரட்டும். சிலிண்டர் கொடுத்து ஆளை இறக்கி, அட்டையைக் கொள்முதல் செய்யும் முதலாளி, முடங்கியவனின் குடும்பத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்கட்டும். கடலடியில் இத்தனை காலம் கழித்தவர்களுள் விரும்புவோர் பயிற்றுநராகவும் வழி திறக்கட்டும். கிழக்குக் கடலிலும் பார்க்கத்தக்க கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றைக் காட்டித்தரும் உரிமை அக்கரையின் பிள்ளைகளுக்கு முதலில் உரியது.

சங்கின் பெயர் கொண்ட இரும்புக் கப்பலைப் பார்க்கப் போகிறவர் பத்திரமாக மீள வேண்டும் என்பதில் இந்த நாடு காட்டும் அக்கறை நியாயமானது. மெய்யான சங்கை எடுக்கப் போகிறவன் விடயத்தில் அதே அக்கறையைக் கேட்பது சலுகை அல்ல. அது அவனது உரிமை.