காஞ்சிபுரத்துக்கு வேண்டியது கரண்டா, வெந்நீரா?

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கரண்ட் போனால் பெரிய பட்டுக்கடைகள் இருட்டில் நிற்பதில்லை. அடுத்த நிமிடமே ஜெனரேட்டர் உறும ஆரம்பித்துவிடும். உள்ளே கல்யாணப் புடவை பார்க்கும் கூட்டத்துக்கு விளக்கும் ஏசியும் கிடைத்துவிடும். வெளியே நடந்து போகிறவர்களுக்குத்தான் புகைக்குழாயின் அனல் முகத்தில் அடிக்கும்.

அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி, சாயப்பட்டறையில் ஒருவர் விறகு வைத்து அண்டாத் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருப்பார். கடையில் விற்கப்போகும் புடவைக்கான நூல் அந்தத் தண்ணீரில்தான் முங்கி எழ வேண்டும்.

ஒருவர் கரண்டுக்காக டீசலை எரித்துச் சூட்டைத் தெருவில் விடுகிறார். இன்னொருவர் சூட்டுக்காகவே விறகை எரிக்கிறார். "சொந்தமாக மின்சாரம் தயாரித்துக்கொள்ளலாமா?" என்ற பேச்சு தொழில் செய்பவர்களிடம் வரும்போதெல்லாம், யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. சூடு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் காஞ்சிபுரம் மாதிரி ஓர் ஊர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

ஒரு லிட்டர் டீசல்

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டர் அதிலிருந்து மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம் கொடுக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 25 ரூபாயைத் தாண்டுகிறது. மின்வாரியம் கடைக்காரரிடம் வாங்குவது இதில் பாதிகூட இல்லை. ஆகவே ஜெனரேட்டரை யாரும் ஆசைப்பட்டு ஓட்டுவதில்லை.

சரி, மிச்சம் ஆறரை யூனிட் என்ன ஆயிற்று? புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் சூடாகப் போய்விட்டது. இதில் பாதியைப் பிடித்தாலும் மூன்று யூனிட் தேறும். மூன்று யூனிட் வெப்பம் என்றால் சுமார் 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் 40 லிட்டர் வெந்நீர்!

இப்படி ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரத்தையும் பயன்படும் வெப்பத்தையும் சேர்த்து எடுப்பதற்குப் பெயர்தான் இணைமின் உற்பத்தி.

தயிர் கடையும் வீட்டில் இதைச் சொன்னால் உடனே புரியும். வெண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மோரைச் சாக்கடையில் கொட்டினால், வெண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்று புலம்பத்தான் வேண்டியிருக்கும். அடக்கவிலைக் கணக்கில் கூட்டுப் பொருள், துணைப் பொருள் என்று பாடம் உண்டு. ஒரே செலவில் இரண்டு பொருள் கிடைத்தால் அந்தச் செலவை இரண்டின் மேலும் பிரித்துப் போட வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் முழுச் செலவையும் மின்சாரத்தின் தலையில் கட்டுகிறார். சூட்டுக்கு அவர் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இது புதுசு இல்லை

1882-ல் நியூயார்க்கில் பேர்ல் தெருவில் ஏடிசன் தொடங்கிய மின்நிலையம் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு நீராவியையும் கொடுத்தது. பிறகு மின்நிலையங்கள் பெரிதாகி ஊரைவிட்டுத் தள்ளிப் போயின. மின்சாரம் கம்பியில் வந்துவிடும், சூடு அவ்வளவு தூரம் வராது. இன்று நிலக்கரியை எரிக்கும் அனல் மின்நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடும் புகையோடும் போகிறது.

தமிழ்நாட்டில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவை சர்க்கரை ஆலைகள். கரும்புச் சக்கையை எரித்து உயர் அழுத்த நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றுகிறது. அழுத்தம் குறைந்து வெளியே வரும் நீராவி கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறது. ஆலைக்குப் போக மிஞ்சும் மின்சாரம் அரசுக் கம்பிக்குப் போகிறது.

கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1979-ல் அரசு தொடங்கிய நிறுவனம் இது. அதற்குக் காகிதம் செய்யக் கரும்புச் சக்கை வேண்டும். சர்க்கரை ஆலைக்கோ அதே சக்கைதான் அடுப்பு எரிக்கும் விறகு. "உங்களுக்கு வேண்டிய நீராவிக்கு நாங்கள் வழி செய்கிறோம், சக்கையை எங்களுக்குக் கொடுங்கள்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நீராவிக்கு விலை உண்டு என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்ததால் வந்த ஒப்பந்தம் இது.

மின்வெட்டு கற்றுக்கொடுத்த அரைப்பாடம்

2008 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் பகலில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் உண்டு. வசதி உள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். பெரிய பஞ்சாலைகள் காற்றாலையில் முதலீடு செய்தன. வசதி இல்லாதவர்கள் தொழிலை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்டை மற்றவர் கையில் விட்டுவிடக் கூடாது என்ற பாடத்தை அந்த ஆண்டுகள் கற்றுக்கொடுத்தன. எரிபொருளை முழுசாகப் பயன்படுத்த வேண்டும் என்ற பாடத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவசரத்தில் வாங்குகிற பொருளில் யார் அதையெல்லாம் பார்ப்பார்கள்?

இரண்டும் வேறு வேறு விஷயம். ஒரு ஆலை மின்வாரியத்திடம் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் மலிவாக மின்சாரம் வாங்கினால் அந்த ஆலைக்கு லாபம். ஆனால் கம்பம், கம்பி, துணைமின்நிலையம் இவற்றின் நிலையான செலவு குறையவில்லை. அது மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும். அந்த மிச்சத்தில்தான் சின்ன சாயப்பட்டறையும் தெருமுனை ஜெராக்ஸ் கடையும் இருக்கின்றன. வீணாகும் சூட்டைப் பிடிப்பதால் வரும் மிச்சம் அப்படி அல்ல. அது யார் பில்லிலிருந்தும் எடுத்த பணம் இல்லை.

தறிக்குத் தேவை குறைவு

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம். பட்டுக் கைத்தறி கையாலும் காலாலும் ஓடுவது. நெசவாளர் வீட்டுக்கு விளக்கும் ஃபேனும்தான் முக்கியம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் அரசு 300 ஆக்கியது. ஆக, நெசவு என்ற வேலைக்கு மின்சாரம் பெரிய செலவு இல்லை.

பட்டின் பெரிய ஆற்றல் செலவு தறிக்கு வருவதற்கு முன்பே ஆகிவிடுகிறது. கச்சாப் பட்டு நூலில் செரிசின் என்ற இயற்கைப் பசை ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட, கொதிநிலைக்கு நெருக்கமான தண்ணீரில் அதை நீக்க வேண்டும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதில் குறைந்துவிடும். பிறகு சாயம். அதற்கும் சூடான தண்ணீர். திறந்த அடுப்பில் விறகு எரிக்கும்போது சூட்டில் பெரும்பகுதி அண்டாவுக்குள் போகாமல் சுற்றிலும் சிதறுகிறது. அந்த அடுப்பின் முன்னால் நின்று, நூல் சிட்டத்தை முக்கி எடுப்பவர் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். வேலை முடிந்ததும் வெந்நீர் அப்படியே வடிகிறது. வேகவதி ஆறு சாயக் கழிவால் எப்படி இருக்கிறது என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் ஒரு இணைமின் எந்திரம் வைத்துவிடலாமா? கூடாது. இங்கேதான் ஆர்வக்கோளாறில் பலர் தவறுகிறார்கள். இணைமின் எந்திரம் போட்ட முதலை எடுக்க வேண்டுமென்றால், பொதுவாக ஆண்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் மணி நேரமாவது ஓட வேண்டும். மின்சாரமும் சூடும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தேவைப்பட வேண்டும். சின்னப் பட்டறை சில மணி நேரம்தான் தண்ணீர் காய்ச்சும். கடை ஜெனரேட்டரோ கரண்ட் போனால்தான் ஓடும். எப்போது ஓடும் என்று தெரியாத எந்திரத்தை நம்பி நூலை அண்டாவில் போட முடியாது.

ஆகவே ஊருக்குள் ஒரே மருந்து எல்லோருக்கும் சரிப்படாது.

கடைக்குச் சூடு வேண்டாம், கரண்ட் போதும். மொட்டை மாடியில் சோலார் தகடும் பேட்டரியும் அதற்குப் பொருத்தம். கரண்ட் போகும் சில நிமிடங்களுக்காக ஜெனரேட்டர் ஓடும் நேரத்தையாவது குறைக்கலாம்.

சின்னப் பட்டறைக்கு முதல் தேவை நல்ல அடுப்பு. அடுத்தது சோலார் வாட்டர் ஹீட்டர். 30 டிகிரித் தண்ணீர் 90 டிகிரிக்குப் போக வேண்டும் என்றால், வெயிலே அதை 60 வரை கொண்டுபோய்விடும். பாதி தூரம் விறகில்லாமல் முடிகிறது. நூல் காய வெயிலை நம்பும் தொழிலுக்குத் தண்ணீர் காய வெயிலை நம்புவதில் என்ன தயக்கம்? திருமலையில் 2002-லேயே சூரிய வெப்பத்தில் நீராவி எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்னதானம் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இணைமின் உற்பத்திக்கு உண்மையான இடம் சேர்ந்து தொழில் செய்யும் இடங்கள். கீழ்க்கதிர்ப்பூரில் அண்ணா பெயரில் கைத்தறிப் பட்டுப் பூங்கா அமைக்கப்பட்டிருக்கிறது. இப்படி ஒரே வளாகத்தில் பலருடைய நூலுக்குச் சாயம் போட்டால், ஆளுக்கொரு அடுப்புக்குப் பதில் ஒரே பொதுக் கொதிகலன் வைக்கலாம். குழாயில் வெந்நீர் போகும், மீட்டர் வைத்து விற்கலாம். வேலை பெருகி நாள் முழுக்க ஓடும் நிலை வந்தால் அதே இடத்தில் மின்சாரமும் எடுக்கலாம். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பம்புகளுக்கே அது தேவைப்படும்.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்தக் காத்திருப்புகூட வேண்டாம். டயரை வார்க்க நீராவி வேண்டும். கார் பெயின்ட் பிரிவுக்கு வெந்நீரும் வெப்பக்காற்றும் வேண்டும். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடங்கள். சூட்டிலிருந்தே ஏசிக்குக் குளிர் எடுக்கும் எந்திரங்களும் இருக்கின்றன. அங்கே மின்சாரத்துக்குத் தனியாக, நீராவிக்குத் தனியாக எரிபொருள் எரிப்பது வீண் செலவு.

சட்டம் தடுக்கவில்லை

2003 மின்சாரச் சட்டம் சொந்தத் தேவைக்கு மின்நிலையம் அமைக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. இணைமின் உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையங்களின் கடமை என்றும் அதில் எழுதியிருக்கிறது. சொந்த உபயோக மின்நிலையம் என்பதற்கான விளக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது. சங்கம் தன் உறுப்பினர்களின் தேவைக்காக மின்நிலையம் வைத்துக்கொள்ளலாம். 2005-ல் வந்த விதிகள் 26 சதவீதப் பங்கு, 51 சதவீத நுகர்வு என்று நிபந்தனை போட்டாலும், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து அதை நிறைவேற்றினால் போதும் என்கின்றன.

கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காஞ்சிபுரத்தில் என்ன பஞ்சம்! பட்டு வாங்கவும் புடவை விற்கவும் சங்கம் சேர்ந்த ஊர் இது. வெந்நீருக்கும் சங்கம் சேரலாம்.

"விறகு மலிவுதானே, எதற்கு இத்தனை வேலை?" என்று கேட்பார்கள். விறகு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலுக்கு யாரும் விலை போடவில்லை என்பதுதான். லட்ச ரூபாய்க்குப் போகும் புடவையில் ஜரிகை எத்தனை கிராம், பட்டு எத்தனை கிராம் என்று கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பட்டுக்குச் சாயம் போட எத்தனை கிலோ விறகு எரிந்தது, எத்தனை லிட்டர் வெந்நீர் வடிந்தது என்ற கணக்கும் இருக்க வேண்டாமா?

எந்திரம் வாங்குவதெல்லாம் அப்புறம். வருகிற பொதுக்குழுவில் சங்கங்கள் இந்த ஒரு கணக்கைக் கேட்டு வாங்கி வரவு செலவு அறிக்கையில் சேர்த்தால் போதும். கொதிகலனா, சோலாரா, இணைமின் நிலையமா என்பதை அதற்குப் பிறகு எண்களை வைத்து முடிவு செய்யலாம்.