செஞ்சி மலையில் யாருக்குக் கண் கூர்மை?

“மனிதக் கண் மட்டமானது. பறவைக்கும் மிருகத்துக்கும் நம்மைவிடப் பல மடங்கு பார்வை” என்று பள்ளி மேடையிலிருந்து யூடியூப் வரை சொல்கிறார்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு மேலே வட்டமிடும் பருந்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கும் இதையே கற்பிக்கிறோம். இது தவறு.

“கழுகுக்கு எட்டு மடங்கு கூர்மை” என்பது முதல் வாதம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. அதற்குள் சுமார் 60 கறுப்பு வெள்ளைக் கோட்டு இணைகளை நம் கண் பிரித்தறியும். ஆஸ்திரேலியாவின் பெருங்கழுகுக்கு அது சுமார் 140. இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதுவும் நல்ல வெளிச்சத்தில்; ஒளி மங்கினால் அந்தக் கூர்மை வேகமாகச் சரிந்துவிடும். சிறிய வல்லூறுகள் பல நம் அளவைக்கூட எட்டுவதில்லை.

“இருட்டில் பூனையை மிஞ்ச முடியுமா?” முடியாது. நமக்குத் தேவையான ஒளியில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். ஆனால் நாம் பகலில் தெளிவாகக் காணும் நுணுக்கங்கள் பூனைக்கு மங்கல்தான்.

காளை சிவப்பைக் கண்டு சீறுகிறது என்பதற்கும் ஆதாரமில்லை. மாட்டின் கண்ணில் நிறமறியும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பு அதற்குத் தனித்துத் தெரியாது. துணியின் அசைவுதான் அதைச் சீண்டுகிறது. கோட்டைப் படிகளில் திரியும் குரங்குகளுக்கோ நம்மைப்போலவே மூன்று வகை.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது மலையடிவாரத்து ஆடுதான். அதன் கண்மணி கிடைமட்டப் பிளவு. தலை குனிந்து மேயும்போது கண்விழியே சுழன்று அந்தப் பிளவைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. மேய்ந்தபடியே பக்கவாட்டில் நெருங்கும் நாயைக் கவனிக்க முடியும். அது தப்பிப் பிழைப்பதற்கான கண். தொலைவில் நிற்பது யார் என்று அடையாளம் காண உதவாது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையில் புகழப்படும் குதிரையின் இனத்துக்கும் இதே கதைதான்: சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை தெரியும், நெற்றிக்கு நேர் முன்னே இருப்பது தெரியாது. அங்கே திடீரென்று கை நீட்டினால் மிரள்வது அதனால்தான்.

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இக்கோட்டையை முற்றுகையிட்டார். தொலைவில் அசைவது மாட்டு மந்தையா, குதிரைப் படையா என்று பகலில் பிரித்தறிவதுதான் அத்தகைய காலத்தில் காவலின் உயிர்நாடி. பாலூட்டிகளில் அந்தக் கூர்மை மனிதருக்கும் நம் உறவினரான குரங்குகளுக்கும்தான் மிகுதி.