மூக்கில் வளரும் சதை

ஜனவரி பிறந்து மலைக்காற்று வறண்டு வீசத் தொடங்கினால் திம்புள்ளத் தேயிலைக்குத் தனியொரு மணம் வந்துவிடும். ஸ்டோர் வாசலைக் கடப்போரும் சற்றே நின்று மூச்சை இழுப்பர். அந்த ஸ்டோருக்குள்ளேயே வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "வாசம் தெரியாமல் ஏழு வருஷமாச்சுங்க ஐயா" என்றார் நம்மிடம். மூக்கிலிருந்த சதையை இருமுறை அறுத்தெடுத்தார்களாம். இருமுறையும் திரும்ப வளர்ந்துவிட்டதாம். அறுத்தது சரியில்லை என்பது அவர் முடிவு.

குற்றம் கத்தியினுடையதன்று. பீனிசம் நாட்பட்டு நீடிக்கும் சிலருக்கு, தோலுரித்த முந்திரிகைப் பழம்போல் வெளிறிய சதை மூக்கின் இரு பக்கமும் தொங்கும். வலி இராது, அடைப்பும் சளியும் மணமின்மையுமே இருக்கும். சதையென்று நாம் சொன்னாலும் அது நீர் கோத்து வீங்கிய சவ்வே. பலரிடம் அதை வீங்கச் செய்வன உடலே சுரக்கும் இன்டர்லியூக்கின் என்னும் நுண்பொருட்கள். அணுக்களுக்கிடையே ஓடும் தபால்கள் என்று அவற்றைக் கொள்ளலாம். ஐந்தாம் இலக்கத் தபால் கிடைத்ததும் எலும்பு மச்சையிலிருந்து இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகப் புறப்படுகின்றன. (இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்பதால் இப்பெயர், 1879-ல் பால் ஏர்லிக் கண்டு கூறியவை.) குடற்புழுக்களோடு போரிடவேண்டிய இவை, பகைவனில்லாத மூக்கில் வந்து நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. நான்காம், பதின்மூன்றாம் இலக்கத் தபால்கள் சளியைப் பெருக்கி வீக்கத்தை வளர்க்கின்றன. தபால் நிற்காதவரை சதை மறுபடி முளைக்கத்தானே செய்யும்?

ஸ்டோர்த் தூசிதான் காரணமோ என்று கேட்பர். தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை நம் நாட்டு டொக்டர் சி. ஜி. ஊரகொட 1970-ல் மருத்துவ ஏட்டில் விவரித்தார். மூக்குச் சதைக்கும் அதுவே காரணமென்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் ஆஸ்துமாவும் இச்சதையும் ஒருவரிடமே சேர்ந்து குடியிருப்பதுண்டு. அத்தகையோரிற் சிலருக்கு ஓர் ஆஸ்பிரின் குளிசையே மூச்சைத் திணறடித்துவிடும். தலையிடி என்றதும் கடைக்கு ஓடிக் குளிசை வாங்கும் வழக்கம் நம் லயங்களில் இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

நான்காம், பதின்மூன்றாம் தபால்களை மறிக்கும் டூபிலுமாப் என்னும் ஊசிமருந்தை இந்நோய்க்காக 2019-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதன் விலையோ தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. எட்டக்கூடியவை இரண்டு: கொதித்தாறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவுதல், வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் தெளிமருந்தை, சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் நாள் தவறாது அடித்தல்.

பெரியவரிடம் அம்மருந்தைப்பற்றிக் கேட்டோம். "முதல் மாசம் அடிச்சேனுங்க. மூக்குத் திறந்துருச்சு, விட்டுட்டேன்" என்றார்.