நாயின் முழங்கால்



நான் கால்நடை மருத்துவன் அல்லேன், ரயில்வே குமாஸ்தா. எனினும், எங்கள் இல்லத்து லாப்ரடார் நாயால் நான் கற்ற பாடத்தை, நாய் வளர்க்கும் நம் சங்கத்துக் குடும்பங்களும் அறிதல் நலமெனக் கருதுகிறேன்.

35 கிலோ எடையுள்ள அந்நாய் ஒரு நாள் பின்னங்காலைத் தூக்கி நொண்டத் தொடங்கிற்று. சுளுக்கு என்றெண்ணி, 2 மாதம் எண்ணெய் தடவிக் காலத்தைப் போக்கினோம். அது எங்கள் பிழை. உட்காருகையில் காலைப் பக்கவாட்டில் நீட்டுதல், நிற்கையில் நுனிவிரலை மட்டும் ஊன்றுதல், தொடைத் தசை மெலிதல் ஆகியவை முழங்காலினுள் தசைநார் அறுந்தமைக்கு அறிகுறிகள் என்பதை மருத்துவர் பின்னரே விளக்கினார்.

மனிதருக்கு இந்நார் பெரும்பாலும் விளையாட்டு விபத்தில் அறுந்துபோகிறது. நாய்க்கோ அது நாளடைவில் நைந்து, ஒரு சிறு துள்ளலில் அறுந்துவிடுகிறது. காரணம் உண்டு. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு ஏறத்தாழ 25 டிகிரி பின்னோக்கிச் சரிந்தது. சரிவான தண்டவாளத்தில் கயிறு கட்டி நிறுத்திய வண்டியை எண்ணிப் பாருங்கள். காலை ஊன்றும்போதெல்லாம் தொடை எலும்பு அச்சரிவில் வழுக்க முயலும். அதைத் தடுக்கும் கயிறே இத்தசைநார்.

சிறு நாய்களுக்கு மூட்டின் வெளிப்புறத்தில் வலுவான நூலால் கட்டுவது பெரும்பாலும் போதும். கனத்த நாய்க்கு அக்கட்டு தளர்ந்துவிடக்கூடும். ஆகவே, கயிற்றை விடுத்துச் சரிவையே குறைக்கும் முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்டார். எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு ஏறத்தாழ 5 டிகிரியாகும்வரை திருப்பி, உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் பொருத்துவர்.

எங்கள் நாய்க்கும் இதுவே செய்யப்பட்டது. செலவு என் மூன்று மாதச் சம்பளத்தை எட்டிற்று. ஆயினும், செலவினும் கடினம் பின்வந்த காவல். எலும்பு கூட 8 முதல் 12 வாரங்கள் வேண்டும். அதுவரை ஓட்டம், துள்ளல், மாடிப்படி, வழுக்குத் தரை யாவும் விலக்கு. வலி குறைந்ததும் நாய் தாவத் துடிக்கும். தகடு பெயரும் அபாயமும் அப்பொழுதே மிகுதி. “ஐந்து நிமிடம் அவிழ்த்து விடுங்கள், அப்பா” என்று என் மகன் கெஞ்சியபோது மறுப்பது எளிதாயில்லை.

இன்று அது நான்கு கால்களாலும் நடக்கிறது. எனினும், ஒரு காலில் நார் அறுந்த நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு மறுகாலிலும் பின்னர் அறுந்துவிடுகிறது. உடற்பருமன் அந்த ஆபத்தைக் கூட்டும். பண்டிகை நாளில் வடையும் இனிப்பும் அன்பால்தான் போடுகிறோம். அவ்வன்பின் சுமையை அதன் முழங்கால் அன்றோ தாங்கவேண்டும்?